ரீபூட் ஆகும்போது பம்பு ஏன் நிற்கவில்லை

எங்கள் பெட்டிகளில் லினக்ஸ் கர்னலை (ஹார்ட்வேரை நேராக ஆளும் மைய மென்பொருள்) 5.4-ஆம் பதிப்பிலிருந்து 6.6-க்கு மாற்றும் வேலை போன வாரம் முடிந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, போர்டு விற்ற நிறுவனம் தன் கர்னலில் சேர்த்து வைத்திருந்த பேட்ச்களை, அதாவது தன் சொந்த மாற்றங்களை, ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்தது. அவற்றில் பல ஒரே காரியத்தைச் செய்தன. எந்த டிரைவர் (ஒரு ஹார்ட்வேர் பகுதியை, அதாவது டிவைஸை, ஓட்டும் புரோகிராம்) முதலில் எழவேண்டும், எது அதற்குப் பின்னால் வரவேண்டும் என்று கையால் வரிசை போட்டிருந்தார்கள். போர்டு ஆன் ஆகும்போது அந்த வரிசையில் ஒரு குறையும் தெரியாது. ஆஃப் ஆகும்போதுதான் வினை.

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். டிரைவர்கள் எழும் வரிசையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், ஏனென்றால் அது தப்பினால் போர்டே எழாது, உடனே தெரிந்துவிடும். அடங்கும் வரிசை தப்பினால் பல நாள் யாருக்கும் தெரியாது.

முதலில் பெட்டி. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை ஒன்றாகச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொது நிலையங்கள் இருக்கின்றன. அந்த மாதிரி இடங்களில் சுவரில் மாட்டும் பெட்டி எங்களுடையது. பிஎச் மீட்டர், ஃப்ளோ மீட்டர் இவற்றிலிருந்து ஆர்எஸ்-485 கம்பி வழியாக அளவுகளை வாங்கிச் சேமித்து அனுப்பும். சில இடங்களில் சுண்ணாம்புக் கரைசலையும் படிகாரத்தையும் கலக்கும் டோசிங் பம்புகளை ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாக ஓட்டி நிறுத்தும். பாலாற்றுத் தண்ணீர் கெட்ட கதை எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரியும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த வேலூர் குடிமக்கள் நல மன்றத் தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்தது. வேலூர் சத்துவாச்சாரியில் வளர்ந்த எனக்கு இந்தப் பெட்டி சரியாக நடந்துகொள்வது ஒரு சாதாரண வேலை விஷயமில்லை.

ரிலே எப்படி இணைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதைப் பிடித்துத்தான் போகும். பிராசஸர் சிப்பிலிருந்து நேராக ரிலேவுக்குக் கால் போகவில்லை, கால்கள் போதவில்லை. அதனால் ஐ2சி பஸ்ஸில் (சிப்புகள் தமக்குள் பேசும் இரு கம்பி வழி) ஒரு ஜிபிஐஓ எக்ஸ்பாண்டர் சிப்பு, அதாவது ஆன்-ஆஃப் செய்யும் கால்களைக் கூடுதலாகத் தரும் சிப்பு, தொங்குகிறது, அதன் கால்களில் ரிலேக்கள். ஆக, ரிலே டிரைவருக்கு எக்ஸ்பாண்டர் வேண்டும், எக்ஸ்பாண்டருக்கு ஐ2சி கன்ட்ரோலர் வேண்டும், கன்ட்ரோலருக்கு அதன் கிளாக் வேண்டும். ஒன்றைப் பிடித்து ஒன்று நிற்கும் நீளமான சங்கிலி.

இந்தச் சங்கிலியைக் கர்னல் எப்படி அறிந்துகொள்ளும்? ரொம்ப காலம் அறிந்துகொள்ளவே இல்லை. கர்னலோடு சேர்த்துக் கட்டிய ஒவ்வொரு டிரைவரும் தன் தொடக்க ஃபங்ஷனின் முகவரியை ஓர் அட்டவணையில் போட்டுவைக்கும். பூட் ஆகும்போது கர்னல் அந்த அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்து ஒவ்வொன்றையும் கூப்பிடும். அட்டவணையில் படிகள் உண்டு: பியூர், கோர், போஸ்ட்கோர், ஆர்ச், சப்சிஸ், எஃப்எஸ், டிவைஸ், லேட். 0 முதல் 7 வரை எண்கள். சாதாரணமாக எழுதும் டிரைவர் 6-ஆம் படியான டிவைஸில் போய் விழும். ஒரே படியில் இருப்பவற்றில் எது முதலில்? மேக்ஃபைலில் (எவற்றைச் சேர்த்துக் கட்டவேண்டும் என்ற பட்டியல்) எது மேலே எழுதப்பட்டிருக்கிறதோ அது. துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் அந்த வரிசையில்தான் கோக்கும்.

பழைய காலத்து வழி இதிலிருந்து வந்தது. என் டிரைவருக்கு முன்னால் ஐ2சி எழவேண்டுமா? ஐ2சி டிரைவரை சப்சிஸ் படிக்கு ஏற்று. இன்னும் பிந்தி வரவேண்டுமா? என்னை லேட் படிக்குத் தள்ளு. இன்றைக்கும் மெயின்லைன் என்ற மூலக் கர்னலில் பல ஐ2சி கன்ட்ரோலர் டிரைவர்கள் சப்சிஸ் படியில்தான் இருக்கின்றன. பிசிஏ953எக்ஸ் என்ற பிரபலமான எக்ஸ்பாண்டர் டிரைவரும் அதே படியில் இருக்கிறது. தன் ஜிபிஐஓக்களை நம்பி வேறு யாராவது சீக்கிரம் எழுவார்கள் என்பதற்காக. எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அப்போது வேறு கருவி இல்லை.

2012-இல் வந்த 3.4 கர்னலில் அதை எழுதுகிறவர்களில் ஒருவரான கிராண்ட் லைக்லி ஒரு நல்ல வழி கொண்டுவந்தார். டிரைவர் தன் புரோப் ஃபங்ஷனில், அதாவது டிவைஸை எழுப்பும் இடத்தில், தேவையானதைக் கேட்கிறது. ஜிபிஐஓ இன்னும் வரவில்லை என்றால் 517 என்ற எண்ணுள்ள பிழையைத் திருப்பித் தருகிறது. ஈ-புரோப்-டிஃபர் என்று பெயர். “இப்போது முடியாது, பிறகு கூப்பிடு” என்று பொருள். கர்னல் அந்த டிவைஸைக் காத்திருப்போர் பட்டியலில் போடும். வேறு ஏதாவது ஒரு டிவைஸ் வெற்றிகரமாக எழுந்த ஒவ்வொரு முறையும், காத்திருப்பவர்களை மறுபடி முயன்று பார்க்கும். யாருக்கு யார் தேவை என்று கர்னலுக்கு அப்போதும் தெரியாது. ஆனால் முட்டி மோதியாவது சரியான வரிசைக்கு வந்து சேரும்.

எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவர், ராணிப்பேட்டைக்காரர், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பூட் லாகைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அக்கா, இன்னா இது, ஒரே டிரைவர் திரும்பத் திரும்பத் தோத்துப் போவுது, கடைசில மட்டும் வேலை செய்யுது?” நல்ல கேள்வி. அந்தத் தோல்விகள் எல்லாம் பிழைச் செய்திகளாக லாகில் கொட்டும், உண்மையான பிழை அதற்குள் புதைந்துவிடும். 5.9-இல் வந்த டெவ்-எர்-புரோப் என்ற சிறு ஃபங்ஷன் இதற்காகவே. பிழை 517 ஆக இருந்தால் சத்தம் போடாமல் காரணத்தை மட்டும் குறித்துக்கொள்ளும், வேறு பிழையானால் உரக்கச் சொல்லும். புது டிரைவர் எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதைப் பயன்படுத்துங்கள். யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை டீபக்எஃப்எஸ் என்ற சோதனைக் கோப்புறையில் டிவைசஸ்-டிஃபர்ட் என்ற ஒரே கோப்பில் படித்துவிடலாம்.

சரி, இப்போது பம்பு.

ஒரு நிலையத்தில் பெட்டிக்கு நெட்வொர்க் வழியாக அப்டேட் அனுப்பினோம். அப்டேட் முடிந்ததும் பெட்டி தானே ரீபூட் ஆகும். அந்த நிலையத்து ஆபரேட்டர், வயதில் பெரியவர், போனில் கூப்பிட்டார். “இன்னா பாப்பா, பொட்டி அணைஞ்சி போயிக்குது, பம்பு மட்டும் ஓடிக்கினே கீது!” கைவசம் பேனலில் சுவிட்ச் இருந்ததால் நிறுத்திவிட்டார், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பெட்டி மறுபடி எழுந்ததும் ரிலே டிரைவர் தன் புரோப்பில் முதல் வேலையாக எல்லா ரிலேக்களையும் அணைக்கும். அதனால் அவர் மட்டும் அந்த நேரத்தில் பம்பின் பக்கத்தில் நின்றிருக்கவில்லை என்றால் இது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. இடைவெளி ரீபூட் நேரம் மட்டும்தான். ஆனால் அந்த நேரமெல்லாம் படிகாரம் தொட்டிக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

ரிலே டிரைவரில் ஷட்டவுன் ஃபங்ஷன் இருந்தது. ரிலேக்களை அணைக்கும் வரியும் அதில் இருந்தது. ஆனால் அந்த வரி தோற்றுக்கொண்டிருந்தது. தோற்ற செய்தி எங்கள் லாகில் இல்லை, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் லாக் எழுதும் புரோகிராம்கள் எல்லாம் ஏற்கெனவே நிறுத்தப்பட்டுவிட்டன. சீரியல் கேபிள் மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதோடு கர்னல் கமாண்ட் லைனில் இனிட்கால்-டீபக் என்ற சொல்லைச் சேர்த்தோம். எல்லாரும் இதை பூட் நேரத்தை அளக்கத்தான் போடுவார்கள். ஒவ்வொரு தொடக்க ஃபங்ஷனும் எத்தனை மைக்ரோ விநாடி எடுத்தது என்று காட்டும். ஆனால் இதே சொல் இருந்தால், அடங்கும்போதும் ஒவ்வொரு டிவைஸின் பெயரோடு ‘ஷட்டவுன்’ என்று ஒரு வரி அச்சாகும். பலருக்கு இது தெரியாது. அந்த வரிகளைப் பார்த்தவுடன் விஷயம் விளங்கிவிட்டது: எக்ஸ்பாண்டர் முதலில் அடங்கியது, ரிலே அதற்குப் பின்னால். போர்டு விற்றவர்கள் தாங்களே எழுதிய எக்ஸ்பாண்டர் டிரைவர், தன் ஷட்டவுன் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அதற்கு அப்புறம் வரும் கோரிக்கைகளை மறுத்துவிடும். அதில் தவறு சொல்ல முடியாது. ரிலே அல்லவா முதலில் அடங்கியிருக்க வேண்டும்?

இந்த வரிசை எங்கிருந்து வந்தது? கர்னல் தன்னிடம் உள்ள எல்லா டிவைஸ்களையும் ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. பதிவான வரிசையில் ஒவ்வொன்றும் பட்டியலின் கடைசியில் சேரும். ரீபூட் செய்யும்போது அந்தப் பட்டியலைக் கடைசியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படித்து ஒவ்வொன்றின் ஷட்டவுனையும் கூப்பிடும். கடைசியில் வந்தவர் முதலில் போவார். தாய் டிவைஸ் (உதாரணமாக ஐ2சி கன்ட்ரோலர்) முதலில் பதிவாகும், பிள்ளை (அதில் தொங்கும் எக்ஸ்பாண்டர்) பின்னால் பதிவாகும். எனவே பிள்ளை முதலில் அடங்கும், தாய் பின்னால் அடங்கும். தாய்-பிள்ளை உறவு வரைக்கும் இது அழகாக வேலை செய்யும்.

ரிலே எக்ஸ்பாண்டரின் பிள்ளை இல்லை, அங்கேதான் சிக்கல். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கின்றன, எது எதோடு இணைந்திருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) அது மேல் மட்டத்தில் தனியாக நிற்கும் பிளாட்ஃபார்ம் டிவைஸ். அப்படிப்பட்டவற்றை எல்லாம் கர்னல் ஆர்ச் படியின் முடிவிலேயே பதிவு செய்துவிடும். டிரைவர் வந்ததா இல்லையா என்பது வேறு விஷயம், டிவைஸ் பட்டியலில் ஏறிவிடும். எக்ஸ்பாண்டரோ ஐ2சி கன்ட்ரோலர் எழுந்த பிறகுதான், அதாவது சப்சிஸ் படியில், பதிவாகிறது. ஆகவே பட்டியலில் ரிலே முன்னால், எக்ஸ்பாண்டர் பின்னால். பின்னோக்கிப் படித்தால் எக்ஸ்பாண்டர் முதலில் அடங்கும். அட்சரம் பிசகாமல் நடந்தது இதுதான்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம். 5.4 கர்னலிலேயே இந்த நிலைமைக்கு ஒரு மருந்து இருந்தது. காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒரு டிவைஸை எடுத்து மறுபடி முயலும்போது, கர்னல் அதை முதன்மைப் பட்டியலின் கடைசிக்கு நகர்த்துகிறது. காத்திருந்தது என்றால் வேறு யாரையோ நம்பியிருக்கிறது, எனவே அவர்களுக்கு முன்னால் அடங்கட்டும் என்ற கணக்கு. ரிலே டிரைவர் சாதாரணமாக 6-ஆம் படியில் எழுந்து, எக்ஸ்பாண்டர் இல்லை என்று ஒரே ஒரு முறை 517 சொல்லியிருந்தால் போதும், அது கடைசிக்குப் போயிருக்கும், பம்பு நின்றிருக்கும். ஆனால் போர்டு விற்றவர்கள் என்ன செய்திருந்தார்கள்? லாகில் தோல்விச் செய்தி வரக்கூடாது என்று எக்ஸ்பாண்டரை சப்சிஸ் படிக்கு ஏற்றி, ரிலேவை லேட் படிக்குத் தள்ளியிருந்தார்கள். ரிலே எழும்போது எல்லாம் தயாராக இருந்தது. அது காத்திருக்கவே இல்லை. காத்திருக்காததால் நகரவும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். ரிலேவுக்கு எக்ஸ்பாண்டர் வேண்டும் என்ற உண்மை அந்தப் பேட்ச் எழுதியவரின் மனதில் இருந்தது. அவர் அதை உண்மையாக எழுதாமல் வரிசையாக எழுதிவிட்டார். 4, 7 என்ற இரண்டு எண்களிலிருந்து இந்த உறவைக் கர்னலால் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. எழுவதற்கு அது போதும். அடங்குவதற்கும், சஸ்பெண்ட் ஆவதற்கும், டிரைவரைக் கழற்றுவதற்கும் அதே உண்மை தேவைப்படும்போது கேட்க ஆளில்லை.

கர்னலை எழுதுகிறவர்களே இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள் என்பதும் பதிவாகி இருக்கிறது. 2015-இல் ஒரு மாற்றம் செய்தார்கள்: எந்த டிவைஸ் புரோப் ஆனாலும் அதைப் பட்டியலின் கடைசிக்கு நகர்த்து என்று. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தாய் டிவைஸின் டிரைவர் பிந்தி வந்தால், ஏற்கெனவே பதிவான பிள்ளைகளைத் தாண்டித் தாய் கடைசிக்குப் போய்விடும், அப்புறம் தாய் முதலில் அடங்கும், பிள்ளைகள் அந்தரத்தில் நிற்கும். 2018-இல் அந்த மாற்றத்தை எடுத்துவிட்டார்கள். ஒற்றை வரிசையை எப்படித் தட்டிக் கொட்டினாலும் ஒரு பக்கம் இடிக்கத்தான் செய்யும்.

சரியான மருந்து, கர்னல் எழுதுகிறவர்களில் ஒருவரான ரஃபேல் வைசாக்கி கொண்டுவந்த டிவைஸ் லிங்க். 2017 பிப்ரவரியில் வெளியான 4.10-இல் வந்தது. இவர் தருபவர், இவர் பெறுபவர் என்று இரண்டு டிவைஸ்களுக்கு நடுவில் ஒரு கோடு போடலாம், அவை தாய்-பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை. கோடு போட்ட கணத்திலேயே பெறுபவரும், பெறுபவரின் பிள்ளைகளும், அவர்களிடமிருந்து பெறுபவர்களும் கூண்டோடு பட்டியலின் கடைசிக்கு நகர்வார்கள். 2015-இல் விட்டுப்போனது இதுதான். அதற்கு அப்புறம் தருபவர் எழாமல் பெறுபவர் எழமாட்டார், பெறுபவர் அடங்காமல் தருபவர் அடங்கமாட்டார், தருபவரின் டிரைவரைக் கழற்றினால் பெறுபவரின் டிரைவர் முதலில் கழலும். எழுதியது ஒரே உண்மை, அதிலிருந்து இத்தனை வரிசைகளையும் கர்னல் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. 5.4-இல் நாங்கள் ரிலே டிரைவரின் புரோப்பில் இந்தக் கோட்டைப் போட்டோம். பம்பு நின்றது.

6.6-இல் அதையும் அழித்துவிட்டோம். கூகுளில் இருந்தபோது சரவணா கண்ணன் செய்த எஃப்டபிள்யூ-டெவ்லிங்க் என்ற பகுதி, டிவைஸ் ட்ரீயைப் படித்து இந்தக் கோடுகளைத் தானே போட்டுவிடும். ரிலே நோடில், அதாவது டிவைஸ் ட்ரீயில் ரிலேவுக்கான பகுதியில், ஜிபிஐஓ எங்கிருந்து வருகிறது என்று ஏற்கெனவே எழுதித்தானே இருக்கிறது? கிளாக், ரெகுலேட்டர், இன்டரப்ட், பவர் டொமைன் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். 5.13-லிருந்து இது இயல்பாகவே இயங்குகிறது. எந்தக் கோடுகள் விழுந்திருக்கின்றன என்று சிஸ்எஃப்எஸ்ஸில் டெவ்லிங்க் கோப்புறைக்குள் பார்க்கலாம். தம்பியை உட்காரவைத்து அந்தக் கோடுகளைக் காகிதத்தில் வரையச் சொன்னேன். எங்கள் சர்க்கியூட் படத்தை ஒரு முறையும் பார்க்காமல் போர்டின் மின் இணைப்புகளைக் கிட்டத்தட்ட முழுதாக வரைந்துவிட்டார்.

இதனால் தொந்தரவே இல்லை என்று சொல்லமாட்டேன். டிவைஸ் ட்ரீயில் ஒருவரைத் தருபவர் என்று எழுதிவிட்டு, அவருக்கான டிரைவரைக் கர்னலில் கட்டாமல் விட்டால், பெறுபவர் எழாமல் காத்துக் கிடக்க நேரலாம். முன்பு தற்செயலாக வேலை செய்த போர்டுகள் கர்னல் மாற்றியதும் படுத்துவிட்டதாகப் பலர் சொல்வது இதனால்தான். அப்போது கை தானாகவே எஃப்டபிள்யூ-டெவ்லிங்க்கை ‘பர்மிசிவ்’ ஆக்கும், அதாவது தளர்த்தும், பூட் ஆப்ஷனுக்குப் போகும். போகாதீர்கள். எழும்போது கிடைக்கும் அந்த நிம்மதிக்கு, அடங்கும்போது விலை கொடுக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்த நிலையில் போடும் கோடுகள் வரிசையைக் கட்டுப்படுத்துவதில்லை. டிவைஸ் ட்ரீயைத் திருத்துவதே வழி.

திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் போர்டிலேயே இன்னொரு உதாரணம். எழுந்து 30 விநாடி வரை மீட்டர்கள் ஒழுங்காகப் பேசும், அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் மௌனமாகிவிடும். 30 என்ற எண்ணைக் கேட்டதுமே, மின்வழிகளைக் கவனிக்கும் ரெகுலேட்டர் பகுதியில் தேட வேண்டும் என்று புரிந்துவிட்டது. கர்னலுக்கு முன்னால் ஓடும் பூட்லோடர் ஆன் செய்து வைத்த மின்வழிகளில், யாரும் உரிமை கோராதவற்றைக் கர்னல் பூட் முடிந்து 30 விநாடி கழித்து அணைத்துவிடும். ஆர்எஸ்-485 சிப்புக்கான மின்வழி டிவைஸ் ட்ரீயில் யாருக்கும் உரியதாக எழுதப்படவில்லை. ‘எப்போதும் ஆன்’ என்று ஒரு குறி போட்டால் பிரச்சினை மறையும், பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். நாங்கள் யாருக்கு அந்த மின்சாரம் போகிறதோ அவருடைய நோடில் எழுதினோம். புதிய கர்னலில் சிங்க்-ஸ்டேட் என்று ஒரு ஏற்பாடும் உண்டு. தருபவரின் டிரைவர் அதற்கான ஃபங்ஷனை வைத்திருந்தால், பெறுபவர்கள் அனைவரும் எழுந்த பிறகுதான் “இனி தேவையில்லாததை அணைக்கலாம்” என்று கர்னல் அதற்குச் சொல்லும். கடிகாரத்தை நம்பி அணைப்பதைவிட எவ்வளவோ மேல். அதற்கும் கோடுகள் இருந்தாக வேண்டும்.

மற்ற கர்னல்களிலும் இந்த வரிசைப் படிகள் உண்டு. ஃப்ரீபிஎஸ்டியில் சிஸ்இனிட் என்று துணைப் பகுதி எண்ணும் அதற்குள் ஒரு வரிசை எண்ணும் கொடுக்கிறார்கள். விண்டோஸில் பூட், சிஸ்டம், ஆட்டோ என்று தொடக்க வகைகளும் அவற்றுக்குள் குழுக்களும் இருக்கின்றன. நான் அவற்றில் வேலை செய்ததில்லை, அதனால் மேலே போகவில்லை.

டிரைவருக்கு உள்ளேயும் இதே கதை உண்டு. டெவ்எம் என்று தொடங்கும் ஃபங்ஷன்கள், 2007-இல் 2.6.21 கர்னலில் டீஜுன் ஹியோ கொண்டுவந்தவை, வாங்கிய ஒவ்வொன்றையும் டிரைவர் கழலும்போது வாங்கிய வரிசைக்கு நேர் எதிராகத் தானே திருப்பிக் கொடுத்துவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் பாதியை டெவ்எம்மிலும் பாதியைக் கையாலும் செய்தால் வரிசை உடைகிறது. டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் முதலில் ஓடும், டெவ்எம் சொத்துகள் அதற்கு அப்புறம்தான் விடப்படும். ரிமூவில் நீங்கள் கையால் ஒரு ஒர்க்கை (பிறகு செய்ய வரிசையில் போட்ட வேலையை) ரத்து செய்து, மெமரியையும் விடுவித்துவிட்டீர்கள், ஆனால் இன்டரப்ட்டை (ஹார்ட்வேர் கர்னலை எழுப்பும் அழைப்பை) டெவ்எம்மில் வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ரிமூவ் முடிந்து இன்டரப்ட் விடப்படும் வரை உள்ள சின்ன இடைவெளியில் இன்டரப்ட் வரலாம், வந்து ரத்து செய்த ஒர்க்கை மறுபடி வரிசையில் போடும், அது விடுவித்த மெமரியைத் தொடும். இது ஆய்வு மேசையில் ஆண்டுக்கணக்கில் வராது, களத்தில் ஒரு நாள் வரும். ரத்து செய்யும் வேலையையும் டெவ்எம் ஆக்‌ஷனாக இன்டரப்ட் வாங்கும் வரிக்கு முன்னால் பதிவு செய்துவிட்டால், எதிர் வரிசையில் இன்டரப்ட் முதலில் போகும், ஒர்க் பின்னால் ரத்தாகும். தம்பியின் டிரைவர்களைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

இன்னொன்று, ரீபூட்டில் ரிமூவ் கூப்பிடப்படாது. ஷட்டவுன் மட்டுமே. ரிமூவில் ஹார்ட்வேரை ஒழுங்காக நிறுத்திவிட்டோம் என்று நம்பிக்கொண்டு ஷட்டவுனே எழுதாத டிரைவர்கள் ஏராளம். நெட்வொர்க் கார்டு மாதிரி டிஎம்ஏ செய்யும், அதாவது மெமரியில் தானே நேராக எழுதும், டிவைஸ் என்றால் இது விபரீதம். கேஎக்செக் வழியாகப் பழைய கர்னலிலிருந்து நேராகப் புதிய கர்னலுக்குத் தாவினால், நிறுத்தாத டிவைஸ் புதிய கர்னலின் மெமரிக்குள் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கும். அதற்காக ஷட்டவுனில் ரிமூவை அப்படியே கூப்பிடுவதும் சரியில்லை. தாய் பஸ் தன் ஷட்டவுனில் பிள்ளைகளைக் கழற்றினால், ஒரே டிவைஸுக்கு இரண்டும் வந்து சேரும்.

அடங்குவது எழுவதன் கண்ணாடிப் பிம்பம் என்று நினைப்பதும் முழுக்கச் சரியில்லை. கழிவுநீர் நிலையத்தைப் பாருங்கள். உறிஞ்சும் பக்கத்து வால்வைத் திறந்து பம்பை ஓட்டுவார்கள், நிறுத்தும்போது பம்பை நிறுத்தி வால்வை மூடுவார்கள். அதுவரை நேர் எதிர்தான். ஆனால் காற்றூட்டும் தொட்டியின் ப்ளோயரை மட்டும், தண்ணீர் வரத்து நின்றாலும் நிறுத்த மாட்டார்கள், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு மூச்சு வேண்டும். கர்னலில் அந்த இடம், பெட்டி உறைந்துபோனால் ரீசெட் அடிக்கும் டைமரான வாட்ச்டாகுக்கு உரியது. எங்கள் பெட்டியில் அடங்கும்போது வாட்ச்டாகை நாங்கள் நிறுத்துவதில்லை. பாதியில் ஏதாவது டிரைவர் ஷட்டவுனில் சிக்கிக்கொண்டால், அதுதான் வெளியிலிருந்து ரீசெட் அடிக்கும். யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்ற கோடு இதைச் சொல்லாது, நாம்தான் யோசித்து எழுத வேண்டும்.

கர்னலால் முடியாத பகுதியும் இருக்கிறது. கர்னல் பேனிக் ஆனாலோ (மீள முடியாத பிழையில் நின்றுபோனாலோ) வாட்ச்டாக் அடித்தாலோ யாருடைய ஷட்டவுனும் கூப்பிடப்படாது, பட்டியல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் பயனில்லை. எக்ஸ்பாண்டர் தனிச் சிப்பு, பிராசஸர் ரீசெட் ஆனது அதற்குத் தெரியாது, கடைசியாகச் சொன்ன நிலையிலேயே ரிலேவைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் அடுத்த போர்டில் ரீசெட் கால் உள்ள எக்ஸ்பாண்டராக மாற்றி, அந்தக் காலைப் பிராசஸரின் ரீசெட் கம்பியோடு இணைத்திருக்கிறோம். ரீசெட் விழுந்தால் எக்ஸ்பாண்டரின் கால்கள் எல்லாம் இன்புட்டாக மாறும், ஒவ்வொரு ரிலே டிரான்சிஸ்டருக்கும் போட்ட புல்-டவுன் ரெசிஸ்டர் அதை அணைத்துவிடும். பூட்லோடரிலும் ஐ2சி எழுந்தவுடன் ரிலேக்களை அணைக்கும் வரி சேர்த்தாகிவிட்டது. போர்டுகள் வந்ததும் முதலில் வெறும் தண்ணீர் ஓடும் சோதனைப் பம்பை மாட்டி, கர்னலை வேண்டுமென்றே பேனிக் ஆக்கிப் பார்க்கப் போகிறோம். அது தேறினால் மேல்விஷாரத்தில் மாட்டுவோம்.